பின்கதவுக் கண்ணாடிக்கு ஒரு திரை

சரவணா,

நீ எதிர்பார்த்த பார்சல் இது இல்லை. கவர் மெலிதாக இருப்பதைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். வேனின் பின்கதவுக் கண்ணாடிக்கு நான் தைத்த திரை இங்கேதான் இருக்கிறது, தையல் மெஷின் மேல் சுருட்டி வைத்திருக்கிறேன். முழுசாக முடிந்த திரை, ஒரு முடிச்சுகூட பாக்கியில்லை. அதை மடிக்கேரிக்கு கொரியர் பண்ணச் சொல்லி விலாசம் அனுப்பியிருந்தாய். அதே விலாசத்துக்குத் திரைக்குப் பதிலாக இந்தக் காகிதங்களை அனுப்புகிறேன். போனிலேயே பேசி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் பேசி அனுப்பினால் நீ வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பாய். இங்கே இருந்தபோது உன் பெரியம்மா அனுப்பியதை அப்படித்தான் ஓட்டினாய், பாவம் அவள் கிளி மாதிரி கத்தினாள், நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாது. ஓரிடத்தில் உட்கார்ந்து படி.

எதற்கு இத்தனை கோபம் என்று கேட்பாய். நீ கிளம்பிய அன்று என்னை வீட்டுக்குள் இருக்கச் சொன்னாயே, அதற்குத்தான். தாலியறுத்தவள் வண்டி புறப்படும்போது எதிரே வரக் கூடாது என்பதை, அந்த வார்த்தைகள் எதையும் வாயில் எடுக்காமல், பக்குவமாகச் சொன்னாய். நானும் பக்குவமாகக் கேட்டுக்கொண்டேன். அப்போது எனக்கு வராத கோபம் இப்போது ஏன் வந்தது, அந்தத் திரை உனக்கு எப்போது கிடைக்கும், இரண்டையும் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன் வேன் நம் களத்தில் வந்து நின்ற நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏதோ கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு போன பழைய வேன், சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி என்று அடித்து வைத்திருந்தாய். பெருங்களத்தூரில் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு நீயும் ரம்யாவும் இனிமேல் இதில்தான் இருக்கப்போகிறோம், கம்ப்யூட்டர் வேலையை எந்த ஊரிலிருந்தும் செய்யலாம் என்றாய். "வூடு இல்லாதவங்கதான் வண்டில குடியிருப்பாங்க. வூட்ட வுட்டுட்டு இன்னாத்துக்குடா வண்டில பூந்துக்கிற?" என்று கேட்டேன். "இதான்மா இனிமே வூடு" என்று சொல்லிவிட்டு ஜன்னல்களைக் காட்டினாய். சுற்றிலும் கண்ணாடி. பகலில் வெயில் வாட்டுகிறது, ராத்திரி விளக்கைப் போட்டால் வெளியே போகிறவன் எல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கிறான், கடையில் விற்கிற ஸ்கிரீன் எதுவும் அளவுக்குப் பொருந்தவில்லை, நீ தைத்துக் கொடும்மா என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. உன் அப்பா போனபிறகு இந்த வீட்டில் யாரும் என்னிடம் ஒரு காரியம் கேட்டதில்லை. எல்லோரும் நீ உட்காரு, நீ உட்காரு என்றுதான் சொன்னார்கள். நீ வேலை சொன்னாய். அன்றைக்கே மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன்.

அந்த வேலை சுலபமாக இல்லை. ஒவ்வொரு கண்ணாடியிலும் பழைய செய்தித்தாளை ஒட்டி, ஓரத்தை விரல் நகத்தால் அழுத்திக் கோடு எடுத்து, அந்தக் கோட்டில் வெட்டினோம். இடப்பக்கத்து ஜன்னலும் வலப்பக்கத்து ஜன்னலும் ஒன்றுதானே என்று நான் ஒரே காகிதத்தைத் திருப்பிப் போட்டு வெட்டி, கண்ணாடிக்கு வைக்கிற வெள்ளிச் சீட்டில் ஒரு துண்டைப் பாழாக்கினேன். பழைய வண்டி, எங்கேயோ இடிபட்டு ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது, எனக்கு எப்படித் தெரியும். தகரக் கொட்டகைக்கு அடியில் சூடு இறங்காமல் இருக்கப் போடுவார்களே, குமிழ் குமிழாக இருக்கும் வெள்ளிச் சீட்டு, அதைச் செங்கல்பட்டிலிருந்து சுருளாக வாங்கி வந்தாய். அதை மெஷினில் வைத்தால் ஊசிக்கு அடியில் நகரவே இல்லை, ஒட்டிக்கொண்டு நின்றது. மேலேயும் கீழேயும் செய்தித்தாள் துண்டை வைத்து, காகிதத்தோடு சேர்த்துத் தைத்து, பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்தேன். கண்ணாடியைச் சுற்றியுள்ள இரும்பில் தானாகவே ஒட்டிக்கொள்ள ஓரமெல்லாம் காந்தம் வைக்கச் சொன்னாய். காந்தம் உன் வேனைவிட என் மெஷினைத்தான் விரும்பியது. போய் அதில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது, ஊசி டப்பாவைக் கொத்தாக இழுத்துக்கொண்டது, ரம்யா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் காந்தத்தை எல்லாம் கையால்தான் தைத்தேன். நீ போனை வைத்துக்கொண்டு என் கையைப் படம் பிடித்தாய். முகத்தை எடுக்காதேடா, தலைகூட வாரவில்லை என்று சொன்னது நான்தான், அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை.

உள்பக்கத்துத் துணிக்கு நீ போனில் ஏதோ சாம்பல் நிறத்தைக் காட்டினாய். வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டு படுக்கப்போகிற துணி இப்படியா இருக்கும் என்று நான் பீரோவைத் திறந்தேன். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அரக்கு, எல்லாம் நல்ல நூல் சேலைகள். ரம்யா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "அத்தை, இவ்வளவு நல்லா இருக்கே, நீங்க கட்டலாமே" என்றாள். "கட்டிக்கினு எங்கம்மா போகப்போறேன்" என்றேன். "எங்கயாவது போனாத்தான் கட்டணுமா?" என்று கேட்டாள். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். இந்தக் காலத்தில் யாரும் வெள்ளைச் சேலை கட்டச் சொல்வதில்லை, அது உண்மைதான். ஆனால் மஞ்சளைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் யாராவது ஒருத்தி தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து மடித்து வைத்த சேலைகள் அவை. உன் ஜன்னல்களுக்காவது போகட்டும் என்று வெட்டினேன். வெளிப்பக்கம் வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளிச் சீட்டு, உள்பக்கம் என் சேலை. கட்டிலுக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவே தொங்குகிற பெரிய திரை முழுக்க மாம்பழ மஞ்சள். அரக்குச் சேலையை மட்டும் கடைசிவரை தொடாமல் வைத்திருந்தேன்.

அந்தச் சேலையின் கதை உனக்குத் தெரியாது. நம் டிராக்டர் வந்த அன்று நான் கட்டியிருந்தது அது. உன்னை மட்கார்டு மேல் உட்கார வைத்து உன் அப்பா டிராக்டரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டார். பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாம் ஆயிற்று, ஆனால் ஆள் சாவியைத் திருப்பவில்லை. "அவ எதிர்ல வரட்டும், அப்பால எடுக்கறேன்" என்று உட்கார்ந்துகொண்டார். நான் பம்பில் பித்தளைக் குடத்தை நிறையப் பிடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவே பார்க்க டிராக்டருக்கு எதிரே நடந்து வந்தேன். தண்ணீர் தளும்பிச் சேலையெல்லாம் நனைந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். அந்த டிராக்டர் ஒரு நாளும் வழியில் நின்றதில்லை என்று அதற்கப்புறம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதிலிருந்து நம் தெருவில் யார் பைக் வாங்கினாலும், யார் வெளியூருக்குப் பெண் பார்க்கக் கிளம்பினாலும், என்னைத்தான் கூப்பிட்டார்கள். ராசிக்காரி என்றார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு, குடத்தோடு போவேன்.

உன் அப்பா போனபிறகு யாரும் என்னைத் திட்டவில்லை, ஒதுங்கிப் போ என்று சொல்லவில்லை. கூப்பிடுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். எதிர்வீட்டுச் செல்வி அந்த இடத்துக்கு வந்தாள். நல்ல பெண், அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நானாகவே பழகிக்கொண்டேன். தெருவில் நடக்கும்போது எங்கேயாவது பைக் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டால் என் கால் தானாக நின்றுவிடும். பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பில் ஏதோ குத்தியது மாதிரி குனிந்துகொள்வேன். வண்டி போனபிறகு நிமிர்வேன். மாடு மேய்க்கப் போகிறவன் வண்டிக்குக்கூட இந்த மரியாதையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் மட்டும் எனக்கு இந்தத் தொல்லை இல்லை. செங்கல்பட்டு பஸ் புறப்படும்போது யார் யாரோ குறுக்கே போகிறார்கள். டிரைவர் யாருடைய கழுத்தையும் பார்ப்பதில்லை, ஹாரனை அடித்துவிட்டு எடுக்கிறார், பஸ் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. வண்டியில் பத்துப்பேர் தொங்கிக்கொண்டு போனாலும் போய்ச் சேருகிறது.

இப்போது நீ கிளம்பியதற்கு முந்தின சாயங்காலத்துக்கு வருகிறேன். எல்லாத் திரையும் முடிந்து பின்கதவு மட்டும் பாக்கி. ஏணி பற்றவைக்க உத்திரமேரூர் வெல்டிங் பட்டறைக்குப் போன கதவு அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்தது. நான் அளவுக் காகிதத்தை அரக்குச் சேலை மேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நீ வந்து மெஷின் பக்கத்தில் நின்றாய். நாம் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காத."

"சொல்லு நைனா."

"நாளைக்கு ரம்யா வூட்ல எல்லாரும் வராங்க. பூஜ போட்டு வண்டி எடுக்கற நேரத்துல மட்டும் நீ உள்ள இருந்துக்கோ. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கையே கெடையாது, உனக்கே தெரியும். அவங்க மனசுல எதனா வெச்சிக்கினாங்கன்னா பேஜாரா பூடும்."

"சரிப்பா. எதிர்ல வர்றதுக்குச் செல்விய சொல்லிடு. அவளுக்கு நல்ல ராசி. நானே போய் சொல்லிட்டு வரட்டுமா?"

"நீ ஏம்மா போற, நான் சொல்லிக்கிறேன்."

நீ கேட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் சொன்ன பதிலை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பெற்ற பிள்ளை முகத்துக்கு நேரே நின்று, அபசகுனம் நீ, உள்ளே இரு என்கிறான். நானோ அவனுக்கு நல்ல சகுனமாக வேறு ஒருத்தியைத் தேடிக் கொடுக்கிறேன், போய்க் கூப்பிட்டு வரட்டுமா என்றும் கேட்கிறேன். ஏண்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எத்தனையோ சின்ன விஷயங்களுக்கு உன்னிடம் கத்தியிருக்கிறேன், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு நாள் முழுக்கப் பேசியிருக்கிறேன். இதற்கு மட்டும் வாய் அடைத்துவிட்டது. நீயும் நிம்மதியாக மூச்சுவிட்டுவிட்டு, "சீக்கிரம் முடிச்சிடும்மா, நாளைக்கு அதுவும் வேணும்" என்று அந்தத் திரையைக் காட்டிவிட்டுப் போனாய்.

மறுநாள் காலையில் அவர்கள் வந்தார்கள், காபி கொடுத்தேன், நாஷ்டா பரிமாறினேன். வண்டிக்கு மாலை போட எல்லோரும் வெளியே போனதும் சொன்னபடி உள் அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். கையில் அரக்குத் திரை. காந்தத்தை ஒவ்வொன்றாக ஓரத்துக்குள் தள்ளித் தைத்துக்கொண்டே வெளியே நடப்பதைக் காதால் கேட்டேன். கற்பூர வாசனை வந்தது. தேங்காய் உடைந்தது. யாரோ ராகு காலம் வருவதற்குள் எடுங்கள் என்றார்கள். கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கடித்தபோது நீ ஹாரன் அடித்தாய். திரை என் கையில் இருக்கிறது, அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது என் வேலை, அந்த நினைப்பில் எழுந்து ஓடினேன். வாசலுக்கு வந்துவிட்டேன். எதிர்வீட்டிலிருந்து செல்வி குடத்தோடு தெருவில் இறங்கினாள், உன் இன்ஜின் உறுமியது, என் கால் நின்றுவிட்டது. நானே பின்னால் நகர்ந்து கதவுக்குப் பின்னே மறைந்துகொண்டேன். டிரைவர் சீட்டிலிருந்தபடி "அம்மா, போய்ட்டு வரோம்" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாய். போய்ட்டு வா என்று நானும் சொன்னேன், அது எனக்கே கேட்கவில்லை. புறப்பட்டு வண்டியில் ஏறியவன் திரும்ப வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதனால் நீ உள்ளே வரவில்லை. வந்து ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போயிருந்தால் திரை அன்றைக்கே உன் கைக்கு வந்திருக்கும். வண்டி திரும்பியபோது பின்கண்ணாடி வெறுமையாக இருந்தது. அதன் வழியாக என் மாம்பழ மஞ்சள் சேலை ஆடிக்கொண்டு போவதைப் பார்த்தேன். சேலை எதிரே இருக்கலாம், உள்ளே இருக்கலாம், எலுமிச்சம்பழம் நசுங்குகிற நேரத்தில் வண்டியிலேயே இருக்கலாம். அதைக் கட்டியிருந்தவள்தான் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

அன்றைக்கும் எனக்கு அழுகைதான் வந்தது, கோபம் வரவில்லை. நீ என்ன செய்வாய், சம்பந்தி வீட்டாருக்குப் பயந்து சொன்னாய் என்று உனக்காக நானே வாதாடிக்கொண்டேன். ஓசூர் தாண்டி நீ போன் போட்டு, "அம்மா, பின்னாடி ஸ்கிரீன வெக்க மறந்துட்டோம்" என்றபோதுகூட அனுப்பிவைக்கிறேன் என்றுதான் சொன்னேன். பிறகு ரம்யா பேசும்போதெல்லாம், "முட்டி இப்ப எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்க ஆரம்பித்தாள். மெஷின் மிதித்ததைச் சொல்கிறாள் போல என்று, பரவாயில்லையம்மா என்றேன். ஒருநாள் கொரியரில் முட்டிக்கு மாட்டுகிற பட்டை ஒரு ஜோடி வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே செல்வி போனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "யக்கா, இன்னாக்கா உனக்கு முட்டி வலியாமே. வீடியோல சொல்லிக்கினு கீறான் உன் புள்ள. நேத்துகூட பம்புலேந்து தண்ணி தூக்கிக்கினு போனியே, எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றாள். நீங்கள் கிளம்பியதை அவள் வீட்டார் யாரோ படம் பிடித்துக் கொடுத்து, ரம்யா எல்லோரும் பார்க்கப் போட்டிருக்கிறாளே, அதைக் காட்டினாள்.

அதில் முதலில் என் கைகள் வந்தன, தைத்துக்கொண்டிருந்தன. பிறகு நம் தெரு. ரம்யாவின் அம்மா கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டு, "சம்பந்தியம்மா எங்கே? அவங்க வந்து முதல்ல பொட்டு வைக்கட்டும். ராப்பகலா தச்சுக் குடுத்தவங்க" என்கிறாள். நீ சொல்கிறாய், "காலையிலேருந்து நின்னதுல அம்மாவுக்கு முட்டி வலி, நிக்க முடியல. மாத்திரை போட்டுக்கிட்டுப் படுத்திருக்காங்க." ரம்யா, "நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று திரும்புகிறாள். நீ அவள் கையைப் பிடித்து, "வேணாம், படுத்திருக்கட்டும், நேரமாவுது" என்கிறாய். சிரித்துக்கொண்டே சொல்கிறாய். செல்வி போனை அணைத்தாள். "நான் இன்னாக்கா பண்றது, கூப்ட்டான், வந்தேன்" என்றாள். உன்மேல் தப்பில்லை போ என்று அனுப்பிவைத்தேன்.

அவர்கள் மனசில் எதாவது வைத்துக்கொள்வார்கள் என்றாயே, அந்த அம்மாள் என்னைத்தான் முதலில் கேட்டாள். அவர்களுக்கு என்னைக் கண்டு பயமில்லை. பயந்தவன் நீ. நம்பிக்கையே கிடையாது என்று சொன்ன நீ, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போது அதே வீடியோவில், "இதெல்லாம் சும்மா, ஒரு இதுக்கு" என்று சிரிக்கிறாய். எலுமிச்சம்பழம் சும்மா, தேங்காய் சும்மா, ராகு காலம் சும்மா. நான் மட்டும் நிஜமா? உன் நம்பிக்கையில்லாத மனசில் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை நான் விளங்காதவள் என்பதுதானா? படித்து, ஊர் சுற்றி, பெண்டாட்டியோடு சேர்ந்து பாத்திரம் தேய்க்கிற பிள்ளை என்று உன்னைப் பற்றித் தெருவில் பீற்றிக்கொண்டேன். படிக்காதவர்கள் எனக்குச் செய்ததைத்தான் நீயும் செய்தாய். அவர்கள் மௌனமாகச் செய்தார்கள், நீ ஒரு பொய்யும் சேர்த்தாய்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பா கடைசியாகக் கிளம்பிய அன்று, நெல் விலை பேச உத்திரமேரூருக்குப் பைக்கில் போனாரே, அன்றைக்கும் நான்தான் எதிரே வந்தேன். தற்செயலாக இல்லை, அவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டு வந்தேன். நிறைகுடம், நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் தாலி. அந்த நிமிஷம் இந்தத் தெருவில் என்னைவிட நல்ல சகுனம் கிடையாது. மண்டியில் பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அத்தனை ராசியும் சேர்ந்து அவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. காப்பாற்ற முடியாத ராசிக்குக் கெடுக்க மட்டும் எங்கிருந்தடா பலம் வரும்? அவர் போன மறுநாளிலிருந்தே நான் இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். நீ உள்ளே இருக்கச் சொல்லி, அந்த வீடியோவையும் பார்த்தபிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அதற்கு வேண்டுமானால் உனக்கு நன்றி சொல்லலாம், சொல்ல மனசு வரவில்லை.

திட்டுகிற வாயால் புத்தியும் சொல்லிவிடுகிறேன். ரம்யாவிடம் என் முட்டியைப் பற்றி உண்மையைச் சொல். நான் சொல்ல மாட்டேன், அது உன் வாயிலிருந்து வர வேண்டும். நீங்கள் இருப்பது ஒரு கட்டில் அகல வீடு. பொய் சொல்லிவிட்டு எழுந்து போக அங்கே அடுத்த அறை கிடையாது. நானும் உன் அப்பாவும் சண்டை போட்டால் அவர் களத்துக்குப் போய்விடுவார், நான் மெஷினில் உட்கார்ந்துவிடுவேன், சாப்பாட்டு நேரத்துக்குள் பாதி ஆறிவிடும். உனக்கு அந்த வசதியும் இல்லை. அவள் அனுப்பிய பட்டையைச் செல்வியின் மாமியாருக்குக் கொடுத்துவிட்டேன், அந்த அம்மாளுக்கு நிஜமாகவே வலி. திரைகளைக் கழற்றினால் மடிக்காதே, சுருட்டி வை, மடித்தால் வெள்ளிச் சீட்டு வெடித்துவிடும். தண்ணீரில் முக்காதே, ஈரத்துணியால் துடை. காந்தம் எதாவது கழன்றால் நீயே ஊசி எடுத்துத் தை, அவளிடம் நீட்டாதே.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் முட்டி வலி மாதிரி ஒரு பொய்யாகிவிடும். இன்னும் எரிகிறது. ராத்திரி அந்தக் கண்ணாடியில் ஏதோ துண்டைச் செருகிக்கொண்டு தூங்குகிறீர்கள் என்று ரம்யா சொன்னபோது, பாவம் பிள்ளைகள் என்று ஒரு மனசு சொன்னது, படட்டும் என்று ஒரு மனசு சொன்னது. இரண்டும் என் மனசுதான்.

திரை தபாலில் வராது. வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள். வண்டியை வாசலில் நிறுத்து, உள்ளே வா, இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள், திரையை நானே மாட்டிக் காட்டுகிறேன். மறுபடி கிளம்பும்போது செல்வியைக் கூப்பிடாதே. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். பம்பில் நிறையப் பிடித்துக்கொண்டு உன் வண்டிக்கு எதிரே நான் வருவேன். அரக்குச் சேலை உன் கண்ணாடிக்குப் போய்விட்டது, இருக்கிற சேலையைக் கட்டிக்கொண்டு வருகிறேன். ரம்யா படம் எடுக்கட்டும், இந்தமுறை முகத்தையும் எடுக்கட்டும். நீ தலையைக் குனியாமல், ரோட்டைப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணாமல், என்னைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்ப வேண்டும். அது உன்னால் முடியாது என்றால் வர வேண்டாம். அந்தத் துண்டே அங்கே இருக்கட்டும். அது மறைக்காத இடத்தில் வெயில் படட்டும்.

இப்படிக்கு,
முட்டியில் எந்த வலியும் இல்லாத
உன் அம்மா